ப்ளீச்சில் போட்ட ஸ்லைடு

முழுக்கக் கருப்பாக இருக்கும் ஒரு புகைப்படத்தைக் காட்டி, "இங்கே ஒளிரும்படி எதுவும் இல்லையா, அல்லது கேமராவே மூடியிருந்ததா?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் மைக்ரோஸ்கோப்புகளோடு இருந்தும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன். கேட்டால் சண்டைதான் வந்திருக்கும். முன்பு ஒரு முறை வந்ததே.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்கா வீட்டு ஜன்னல் வலைக்கு வெளியே புறாக்கள் குனுகிக்கொண்டிருக்கின்றன. மேஜையில் நம் பழைய கட்டுரையின் ஒரு பக்கம் கிடக்கிறது. அதில் இரண்டு சதுரங்கள். இடது பக்கச் சதுரத்தில் பச்சை வளையங்கள், கண்ணாடி வளையல்களை இருட்டில் சிதறவிட்ட மாதிரி. வலது பக்கச் சதுரம் கருப்பு. அதன் கீழே, முதல் எதிர்ப்பொருள் சேர்க்காமல் எடுத்தது என்று ஒரு வரி. இரண்டு படங்களையும் எடுத்தது நீ. கட்டுரையில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து.

பக்கத்திலேயே சாதாரண வெளிச்சத்தில் அதே இடத்தை எடுத்த இன்னொரு படம் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அங்கே செல்கள் இருந்தன, ஆனால் ஒளிரவில்லை என்று எவருக்கும் புரிந்திருக்கும். அந்த ஜோடிப் படம் இல்லை. நீ எடுக்கவில்லையா, எடுத்துச் சேர்க்கவில்லையா, அதுவும் எனக்குத் தெரியாது.

இதைக் கிளப்பிவிட்டவள் கிருத்திகா. நீ அவளைப் பார்த்ததில்லை. செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நம் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நம் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உறைபெட்டியிலிருந்து எடுத்து, ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்த பூஞ்சையின் மேல் போட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. வியாழக்கிழமை என் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"மேம், கன்ட்ரோல் ஸ்லைடே பளபளன்னு சமக் அடிக்குது மேம்."

"எப்படி?"

"மொத ஆன்டிபாடியே போடல. வெறும் பச்சை கலரை மட்டும் ஊத்தினேன். ஒண்ணும் தெரியக் கூடாது இல்ல? ஆனா செல் பூரா பச்சையா உக்காந்திருக்கு. மூணாவது தடவ மேம். கைடு சார் சொல்லிட்டாரு, திங்கக்கிழம மீட்டிங்ல இந்த ப்ராஜெக்டையே பந்த் பண்ணிடலாம்னு."

"எங்கே ஒளிர்றது? ஓரத்திலயா, உள்ளயா?"

"உள்ள மேம். ஓரத்துல இல்ல." பிறகு சிரித்தாள். "உங்க பழைய பேப்பர்ல மட்டும் கன்ட்ரோல் எப்படி மேம் அவ்ளோ காலா? ஷட்டரை மூடிட்டு எடுத்தா கூட அப்படித்தான் வரும். மஜாக் மேம், சும்மா."

நான் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கையாகச் சொன்னதை நான் வேடிக்கையில்லாமல் நினைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நாம் பேச ஆரம்பித்ததே ஒரு சந்தேகத்தில்தான், நினைவிருக்கிறதா? நான் சேர்ந்த புதிது. ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் கருப்பு மையைக் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தார்கள். நாம் ஆராய்ந்த பூஞ்சைக்குத் தன்னைச் சுற்றிச் சர்க்கரையால் ஆன ஒரு கூழ் உறை உண்டு. உறை கண்ணுக்குத் தெரியாது. மை அதற்குள் நுழைய முடியாததால், கருப்புக்கு நடுவே வெளுப்பான ஒரு வட்டம் தெரியும். அன்று வட்டம் தெரிந்தது. நம் மேலதிகாரி "பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டினோம். எனக்கு மட்டும் அந்த வட்டத்தின் விளிம்பு கொஞ்சம் மங்கலாகப் பட்டது. சொல்வதா வேண்டாமா என்று நிற்கும்போதே பின்னாலிருந்து நீ ஹிந்தியில், "சார், இது உறை இல்லை. ஓரம் கூர்மையாக இல்லையே, வெள்ளணு மாதிரி இருக்கிறது," என்றாய். மறுபடி பார்த்தார்கள். வெள்ளணுதான்.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாய்.

"ஒனக்கும் அப்படித்தான பட்டுச்சு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வாயத் தொறந்தா என்னட்டி?"

"எனக்குத் தமிழ் தெரியும்னு யார் சொன்னா?"

"மத்தியானம் ஒன் டப்பாவத் தொறந்தியே, அந்த வத்தக்குழம்பு வாசன சொல்லிச்சு."

தாராவியில் தோல் பட்டறைக்கு மேல்மாடியில் வளர்ந்ததால் தனக்கு எந்த வாசனையும் தப்பாது என்று பெருமை அடித்துக்கொள்வாய். உன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தப் பட்டறையிலேயே வேலை பார்த்தவர். என் அப்பா மும்பைக் கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதினவர். நடந்தால் அரை மணிக்கும் குறைவான தூரம்தான் இரண்டு வீட்டுக்கும். ஆய்வகத்தில் சந்தித்திருக்காவிட்டால் நாம் சந்தித்தே இருக்கமாட்டோம் என்று நீ சொல்வாய். அது உண்மையா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மாட்டுங்கா மார்க்கெட்டில் எல்லோரும்தான் கறிவேப்பிலை வாங்குகிறோம்.

அந்த மார்க்கெட்டில்தானே, புறாவுக்குத் தானியம் இறைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெரியவரைப் பிடித்துக்கொண்டாய்.

"பெரியவரே, தீனி போடுதியளே, கீழ கெடக்கத யாரு கூட்டுதா?"

"வாயில்லா ஜீவன்மா. புண்ணியம்."

"புண்ணியம் ஒங்களுக்கு, நெஞ்சுச்சீக்கு எங்களுக்கா? அந்த எச்சம் காஞ்சு தூசியாப் பறக்கும். அதுல என்னவெல்லாம் இருக்குன்னு தெரியுமா?"

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல அய்யா. சந்தேகப் பிராணி." என் தோளைத் தட்டினாய். "நானாவது பரவாயில்ல. இவ ஒங்க புறாவையே புறாவான்னு கேப்பா."

அவர் சிரித்துவிட்டு இன்னொரு பிடி இறைத்தார். நீ சொன்னது சரிதான். காய்ந்த எச்சத்தில் அந்தப் பூஞ்சை இருக்கும். மூச்சோடு உள்ளே போகும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. உடம்பில் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு நுரையீரலில் தங்கி, பிறகு மூளையின் சவ்வு வரை போய்விடும். விழுங்க வரும் வெள்ளணுக்களை அந்த உறை வழுக்கிவிட்டுவிடும். உறையைப் போர்த்தியிருக்கும் வரை பூஞ்சைக்குப் பயமில்லை.

உறையைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றைச் சுண்டெலியிலிருந்து உண்டாக்கி, அது உறையில் எங்கே, எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. அதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதன்மேல் போய் ஒட்டும் பச்சைச் சாயம் பூசிய இரண்டாவது எதிர்ப்பொருளை ஊற்ற வேண்டும். உறையின் விளிம்பு முழுக்கப் பிடித்தால் வளையம் தெரியும். அங்கங்கே பிடித்தால் புள்ளிகள். முதலாவதைப் போடாமல் சாயத்தை மட்டும் ஊற்றினால் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால், வளையமும் பொய்யாக இருக்கலாம்.

"இருட்டா இருக்க வேண்டியது இருட்டா இருக்கான்னு மொதல்ல பாரு. வெளிச்சம் எங்க போகப் போவுது, இருக்கும்."

இதைச் சொல்லிக்கொண்டே இருப்பாய். அதனால்தான் அன்று எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அப்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். ஒளிரும் சாயத்தைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் அப்போதுதான் வந்திருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு அறையில், கருப்புத் திரைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் பூஞ்சையைச் சூடாக்கிக் கொன்ற பிறகுதான் அந்த அறைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது விதி. ஒளிரும் சோதனைகளை எல்லாம் நீயே எடுத்துக்கொண்டாய். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அந்த அறைக்குள் போவாய். முகமூடி கட்டியிருப்பாய். நான் எட்டிப் பார்த்தால்,

"ஏட்டி, கதவுக்கு வெளியவே நில்லு."

"நானும் ஒரு தடவை பாக்கறேனே."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? போட்டோ எடுத்துட்டு வாரேன். போயி சாப்புடு. வயித்துப்பிள்ளைக்காரி இங்க என்ன செய்யுத?"

நான் போகமாட்டேன். வாசலில் நிற்பேன். நீ ஸ்லைடுகளோடு வெளியே வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி நடந்து போவாய். கையில் எப்போதும் கிருமி கொல்லும் ப்ளீச்சின் வாடை.

வளையம் கிடைத்த அன்று படங்களைக் கணினியில் காட்டினாய். அவ்வளவு அழகு. அதனாலேயே கேட்டேன்.

"கன்ட்ரோல் ஸ்லைடைக் காட்டு."

"அதான் போட்டோ இருக்குலா."

"போட்டோ கருப்பா இருக்கு. ஸ்லைடைக் காட்டு."

"ப்ளீச்சுல போட்டாச்சு."

"ரெண்டையுமா? அதுக்குள்ளயா?"

"ரெண்டையுந்தான். நான் பாத்தேன். இருட்டாத்தான் இருந்துச்சு."

"நீ பாத்தது சரி. நான் பாக்கலையே."

"நான் சொல்லுதேம்லா. பத்தாதா?"

"பத்தாதுன்னு நீதானே எப்பவும் சொல்லுவே?"

நீ கணினியை அணைத்தாய். கொல்லப்பட்ட செல்களைக் கொண்டு செய்த ஸ்லைடை அவ்வளவு அவசரமாக அழிக்கத் தேவையே இல்லை. மூடி ஒட்டிக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருக்கலாம். மற்ற ஸ்லைடுகளை எல்லோரும் அப்படித்தான் வைப்போம். அப்படியிருக்க ஏன் அழித்தாய்? என் மனதில் உடனே ஒரு விடை வந்தது. கன்ட்ரோலும் ஒளிர்ந்திருக்கிறது, அதை மறைக்கத்தான் ஒரு கருப்புப் படம்.

மறுநாள் வடாலாவில் வண்டி மாறும்போது பிளாட்பாரத்தில் சந்தித்தோம். வழக்கமாகப் பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் பிடித்துத் தருவாய். அன்றும் பிடித்தாய். நான் உட்கார்ந்தேன். நீ என் முன்னால் நின்றுகொண்டே செம்பூர் வரை வந்தாய். இறங்கும்போது மட்டும், "நீ என்னையப் பத்தி என்ன நெனைக்கன்னு எனக்குத் தெரியும். நெனச்சுக்கோ," என்றாய். அதற்குப் பிறகு சில நாள் பஸ்ஸில் போனாய். கிறிஸ்துமஸ் வந்தது. என் மேஜையில் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து இருந்தது. தின்றேன். டப்பாவைக் கழுவித் தந்தேன். மறுபடி ஒன்றாக ரயிலில் போக ஆரம்பித்தோம். அந்தப் படத்தைப் பற்றி நீ இருந்தவரை நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுரை அச்சானது. அதில் 'கொல்லப்பட்ட செல்கள்' என்றுதான் எழுதியிருந்தோம். திட்டம் முடிந்து நீ கல்லூரிக்குக் கற்பிக்கப் போனாய். நான் இங்கேயே தங்கினேன். எதிர்ப்பொருள் உறைபெட்டியின் அடியில் தங்கியது.

நட்பு இருந்தது. சந்தேகமும் இருந்தது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடவில்லை. இதை யாரிடமும் விளக்க முடிந்ததில்லை.

பல வருடம் கழித்து நம் ஆய்வகத்தின் பழைய இயக்குநர் இறந்தபோது இரங்கல் கூட்டத்துக்கு நீ வந்திருந்தாய். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் அவருடைய பெருந்தன்மையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் யாருக்கும் ஒரு நாள் விடுப்பு கூட முகம் சுளிக்காமல் தந்ததில்லை. நீ என் காதில் சொன்னாய்:

"செத்தது தானா மினுங்கும்ட்டி. நம்பிராத."

நான் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவரைக் கிண்டல் செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

போன மழையில் உன் அக்கா ஃபோன் செய்தார். மாரடைப்பு, சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார். தாராவியில் உங்கள் சர்ச்சில் நடந்த ஜெபத்துக்கு வந்தேன். மழைத் தண்ணீரைத் தாண்ட வாசலில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். உன்னைப் பற்றிச் சாந்தமே உருவானவள் என்று பேசினார்கள். யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லையாம். உன் அக்காவே தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க என்று நினைக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொன்ன மாதிரி அந்த வாக்கியம் கேட்டது. அப்போதும் அதைக் கிண்டலாகத்தான் கேட்டேன்.

வியாழக்கிழமை கிருத்திகா போன பிறகு அவளுடைய படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தேன். கன்ட்ரோலில் செல்கள் உள்ளுக்குள் ஒளிர்ந்தன. உறையின் விளிம்பில் ஒன்றுமில்லை. எதிர்ப்பொருள் வேலை செய்திருந்தால் விளிம்பில் அல்லவா ஒளிர வேண்டும்? அவளைக் கூப்பிட்டு, சாயமே போடாமல் ஒரு ஸ்லைடு பார்க்கச் சொன்னேன். எதையும் ஊற்றாத ஸ்லைடு. அதிலும் செல்கள் பச்சையாக மினுங்கின. சூட்டில் செத்த செல், சாயமில்லாமல் தானாகவே ஒளிர்கிறது.

அந்த இடத்தில்தான் உன் குரல் மறுபடி வந்தது. செத்தது தானா மினுங்கும்.

இது உனக்கு எப்படித் தெரியும்? நம் ஆய்வகத்தில் ஒளிரும் சோதனை செய்தவள் நீ ஒருத்திதான். செத்த செல் மினுங்கும் என்பதை நீ பார்த்திருக்கிறாய். சரி. ஆனால் உன் கட்டுரைப் படம் கருப்பு. செத்த செல்லை வைத்து அந்தக் கருப்பு வராது. அப்படியானால் ஒன்று, அது மூடிய கேமரா. அல்லது நீ செத்த செல்லை விட்டுவிட்டு, தானாக மினுங்காத உயிருள்ள செல்லை எடுத்துப் போயிருக்கிறாய். விதியை மீறி, எல்லோரும் வந்துபோகும் அந்த அறைக்கு. அதனால்தான் சாப்பாட்டு நேரம். அதனால்தான் முகமூடி. உயிருள்ள ஸ்லைடைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது, உடனே ப்ளீச். யாரிடமும் சொல்லவும் முடியாது.

சுவரை ஒட்டி நடந்ததும் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னதும் அதனால்தானா? என் பெயரைப் பின்னால் தள்ளுவதற்காக என்னை விலக்கி வைக்கிறாய் என்று அப்போது நினைத்தேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் மூச்சில் ஒரு தூசி கூடப் போகக் கூடாது என்று நீ நினைத்திருக்கலாம்.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. நீ இல்லை. உன்னைப் பற்றி நான் இப்போது நினைப்பதெல்லாம் உன் உதவி இல்லாமலே ஒளிரத் தொடங்கியிருக்கிறது. இருபது வருடம் உன்னைச் சந்தேகித்தவளுக்கு நீ இறந்தபின் ஒரே வியாழக்கிழமையில் எல்லாம் அன்பாகத் தெரிந்தால், மைக்ரோஸ்கோப்பைச் சந்தேகிக்க வேண்டும், பார்க்கிற கண்ணையும் சந்தேகிக்க வேண்டும். அப்படியே உண்மை என்றாலும் மற்றவர்கள்? அந்த அறையில் உனக்குப் பின் உட்கார்ந்தவர்களை யார் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள்? கட்டுரையில் 'கொல்லப்பட்ட' என்று நாம் எழுதிய சொல் பொய்யா? படம் பொய்யென்றால் சொல் உண்மை. படம் உண்மையென்றால் சொல் பொய். இரண்டில் ஒன்று பொய்யாக என் பெயரோடும் அச்சில் இருக்கிறது.

நாளைக்கு அதைச் செய்து பார்க்கப் போகிறோம். இப்போது பாதுகாப்பு அறைக்குள்ளேயே ஒரு மைக்ரோஸ்கோப் வந்துவிட்டது. உயிருள்ள செல்லைப் பார்க்க வெள்ளிக்கிழமை அனுமதி கேட்டேன், தந்துவிட்டார்கள். நீ அன்று மறைந்து செய்ததை, செய்திருந்தால், நாளை கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்வேன். நம் பழைய பூஞ்சையையும் கிருத்திகா உறைபெட்டியிலிருந்து எடுத்து உயிர்ப்பித்து வளர்த்து வைத்திருக்கிறாள். இருட்டு வரவில்லை என்றால், பத்திரிகைக்கு எழுதி நம் படத்தைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டியிருக்கும். கிருத்திகா வேறு தலைப்பு தேட வேண்டியிருக்கும். உன் அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் பச்சை வளையத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அவரிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது ஒன்றுதான். யார் எந்த நல்ல சேதி கொண்டுவந்தாலும் நான் முதலில் அதன் கருப்புப் பக்கத்தைத் தேடுகிறேன். மகள் வேலை கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு வந்தபோதும் கேட்டேன், "யாருக்குக் கிடைக்கலை?" என்று. "அம்மா, ஆன்ட்டி மாதிரியே பேசறே," என்றாள். நாளை உன்மேலும் அதையே வைத்துப் பார்க்கப் போகிறேன். கோபித்துக்கொள்வாய். நெனச்சுக்கோ என்பாய்.

நேற்று இவ்வளவுதான் எழுதினேன். இன்று நடந்தது இது.

காலையில் நானும் கிருத்திகாவும் முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அறைக்குள் போனோம். அவள் வளைய ஸ்லைடைத்தான் முதலில் எடுத்தாள். "இல்லை, இருட்டை வை," என்றேன். வைத்தாள். அறை விளக்கை அணைத்தோம். அவள் பார்த்தாள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"மேம், ஷட்டர் ஓப்பன்தானே?"

சாதாரண வெளிச்சத்தைப் போட்டோம். செல்கள் இருந்தன, உருண்டையாக, தெளிவாக. வெளிச்சத்தை அணைத்தோம். இருட்டு. மறுபடி போட்டோம், இருந்தன. மறுபடி அணைத்தோம், இருட்டு. நான் பார்த்தபோது மூலையில் ஒன்றிரண்டு மட்டும் பச்சையாக மினுங்கின. அவை செத்தவை. உயிருள்ள வளர்ப்பில் எப்போதும் ஒன்றிரண்டு செத்துக் கிடக்கும்.

பிறகு முதல் எதிர்ப்பொருள் போட்ட ஸ்லைடு. நம் பழைய பூஞ்சையில் வளையம் வந்தது. உன் படத்தில் இருப்பது போலவே முழு வளையம். நோயாளியின் பூஞ்சையில் வளையம் இல்லை, புள்ளிகள்தான். அதே எதிர்ப்பொருள், இரண்டின் உறையும் ஒன்றல்ல போலிருக்கிறது. கிருத்திகா முகமூடிக்குள்ளேயே "அரே வா!" என்று கத்தினாள். அவளுக்கு இனி தலைப்பு தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு இடத்தையும் இரண்டு முறை எடுக்கச் சொன்னேன், வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று.

"அப்போ உங்க பழைய போட்டோ நெஜந்தான் இல்ல மேம்?"

"தெரியாது," என்றேன். "இது நெஜம்."

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்கள் இருட்டில் செத்தது ஒன்றிரண்டு மினுங்கியது. உன் கருப்புப் படத்தில் ஒன்று கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலையிலும் இல்லை. அவை இல்லாத இடமாகத் தேடி எடுத்திருப்பாய். எடுத்திருக்கலாம்.

விதிப்படி ஸ்லைடுகளை ப்ளீச்சில் போட்டோம். கழுவிய பிறகும் கையுறையைத் தாண்டி விரலில் வாடை நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு கிருத்திகாவின் வழிகாட்டி வந்தார். கூட்டத்துக்கு முன்பே பார்த்துவிடலாம் என்று நினைத்தாராம். படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இருட்டுப் படத்தில் நின்றார்.

"ஸ்லைடு எங்கே?"

"ப்ளீச்சில் போட்டாச்சு சார்," என்றாள் கிருத்திகா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது."

திட்டத்தை மூடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கருப்புப் படத்தை மறுபடி பெரிதாக்கத் தொடங்கினார்.